கோபுர நுனியில் ஐந்து வினாடி

டூப்பண்ணன் வீட்டில் விளக்கு எரியாமல் போனால் ஸ்டூலில் ஏறுவது அவர் மனைவிதான். அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். ஸ்டூல் ஆடாமல் இருப்பதற்காக அல்ல, தான் ஆடாமல் இருப்பதற்காக.

இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் 'ஆகாயக் காவலன்' முதல் படத்தில் ஆறு மாடி மணிக்கூண்டின் நுனியிலிருந்து குதித்தவர் அவர்தான். முகமூடியும் நீல அங்கியும் கதாநாயகனுடையவை. உள்ளே இருந்த எலும்புகள் இவருடையவை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குதியில் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. பதிலுக்கு ஸ்டுடியோவின் உடைக் கிடங்கில் ஒரு வேலையும், கிடங்குக்குப் பின்னால் குடியிருக்க ஓர் அறையும் கிடைத்தன. மனைவி அதே கிடங்கில் உடைகளுக்கு இஸ்திரி போடுகிறவர். கீழ்த்தட்டு உடைகளை டூப்பண்ணன் எடுத்துக் கொடுப்பார். மேல்தட்டு உடைகளை அந்த அம்மாள் ஏணி போட்டு எடுப்பார். தரைத்தளம், கீழ்த்தட்டு, குட்டை நாற்காலி என்று தன் வாழ்க்கையை அவர் பார்த்துப் பார்த்துத் தாழ்வாகவே கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குதியில் பேர் வாங்கியது குதி அல்ல. குதிப்பதற்கு முன்னால் இருந்த ஐந்து வினாடிதான். நுனிக்கு வந்த ஆகாயக் காவலன் ஐந்து வினாடி அசையாமல் நிற்கிறான். காலடியிலிருந்து ஒரு புறா படபடவென்று எழுகிறது. அவன் குதிக்கிறான். கீழே ஒரு பள்ளிக்கூட பஸ் காப்பாற்றப்படுகிறது. அந்த ஐந்து வினாடியைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. 'வீரம் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம்' என்று ஒருவர் எழுதினார். புறாவைச் சமாதானம் என்றார்கள், மனசாட்சி என்றார்கள். பதினான்கு வருஷம் கழித்து அதே கதையை முதலிலிருந்து மறுபடி எடுத்தபோது நிற்பது ஒன்பது வினாடியாயிற்று, புறா இரண்டாயிற்று. இப்போது அதே கதை ரீபூட் என்ற பேரில் மூன்றாவது முறையாக வரப்போகிறது. இதில் பதினான்கு வினாடி, இரண்டாயிரம் புறாக்கள். புறாக்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் பொரித்தவை. புதிய கதாநாயகன் நின்றது பச்சைத் துணி விரித்த, ஓரடி உயரப் பலகையில் என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். டூப்பண்ணனுக்கு அதைக் கேட்டுப் பொறாமையாக இருந்தது.

அன்று உண்மையில் நடந்தது இதுதான். டூப்பண்ணன் கீழே பார்த்துவிட்டார். பார்த்ததும் கை கால் விறைத்துப்போயிற்று. கீழேயிருந்து ஸ்டண்ட் மாஸ்டர் கெட்ட வார்த்தைகளால் எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலைப் பின்னால் எடுத்தார். அங்கே ஒரு புறா இருந்தது. இவர் காலைப் பார்த்துப் புறா பயந்தது, புறாவைப் பார்த்து இவர் பயந்தார். பயந்ததில் வழுக்கிவிட்டது. முகமூடிக்குள் 'ஐயோ' என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவரிடம் ஒரு நிருபர் வந்து, அந்த ஐந்து வினாடியும் என்ன யோசித்தீர்கள் என்று கேட்டார். "சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அந்த வாய் செய்த வேலைக்கு இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது.

கடிதத்தை அனுப்பியது மறுபட ஒப்பீட்டு வாரியம். இந்த வாரியம் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு ரீபூட் வந்தால் பழசு நல்லதா புதுசு நல்லதா என்று ஜனங்கள் தெருவில் நின்று அடித்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றது. அதனால் இனிமேல் ஜனங்கள் ஒப்பிடவேண்டாம், நாங்களே ஒப்பிட்டுத் தருகிறோம் என்று ஒரு வாரியம் வைத்தார்கள். மூன்று முத்திரைகள்: மேல், சமம், கீழ். வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்த ரீபூட்டும் வெளியாகக் கூடாது. 'கீழ்' என்ற முத்திரை மட்டும் இன்னும் செய்து வரவில்லை. பத்தொன்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மனைவி கடிதத்தைப் படித்தார். "முதல் பதிப்பின் மூல நபர் என்ற முறையில் தாங்கள் வாரியத்தின் முன் ஆஜராக வேண்டும். தவறினால், தாங்கள் அப்படத்தில் விழவில்லை என்று பதிவு செய்யப்படும்."

"விழலன்னா என்னங்க அர்த்தம்?" என்றார் மனைவி.

"விழுந்ததுக்குத்தான் இந்த வேல குடுத்தாங்க. இந்த ரூமும் அதுக்குத்தான்" என்றார் டூப்பண்ணன். "நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

வாரியம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் கண்ணாடிச் சுவர் போட்டிருந்ததால் டூப்பண்ணன் படியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினார். அறையில் உறுப்பினர்கள் ஒன்றரை அடி மேடைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த உயரமே அவருக்கு என்னவோ செய்தது.

வாரியத் தலைவர் கனைத்துக்கொண்டார். "ஒரு விஷயத்தை மொதல்லயே தெளிவுபடுத்திடறேன். இந்த ரெண்டு பழைய படத்தையும் நான் பாத்ததில்ல. புதுசையும் பாக்கப்போறதில்ல. இங்க உக்காந்திருக்கற யாருமே பாத்ததில்ல. பாத்தா அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா நடுநிலை போயிடும். இந்த வாரியம் இதுவரைக்கும் ஒரு படம்கூடப் பாக்காம எழுபத்திரண்டு சான்றிதழ் குடுத்திருக்கு. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனதில்ல."

உறுப்பினர்கள் மேசையை லேசாகத் தட்டினார்கள்.

அடுத்து மூத்த ஒப்பீட்டாளர் எழுந்தார். முதல் படத்தின் ஐந்து வினாடியை வைத்தே பட்டம் வாங்கி, பதவி வாங்கி, பேரப்பிள்ளைகள் வரை பார்த்துவிட்டவர் அவர். டூப்பண்ணனைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, நான் உங்க அஞ்சு செகண்டப் பத்தி முந்நூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன். மொத படத்துல அஞ்சு, ரெண்டாவதுல ஒம்பது, மூணாவதுல பதினாலு. நீளம் தெரிஞ்சுபோச்சு. ஆழம் தெரியல. அதான் இப்ப சிக்கல். அந்த அஞ்சு செகண்ட்ல நீங்க என்ன நெனச்சீங்க?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. டூப்பண்ணன் வாயைத் திறந்தார். பன்னிரண்டு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன.

"சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன்" என்றார்.

"பதிவு பண்ணுங்க" என்றார் தலைவர். "ஆனா சொல்லு மட்டும் போதாது. நம்ம ஒம்பதாம் விதி என்ன சொல்லுது? ஒரே மாதிரி நிலைமைல வெச்சாதான் ஒப்பிட முடியும். அதனால ஐயா மறுபடி அதே மணிக்கூண்டுல நிக்கட்டும். நாம ஆழத்த அளந்துக்குவோம். அளந்து முடிச்சதும் குதிச்சிடட்டும்."

டூப்பண்ணன் சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். "குதிக்கணுமா?"

"நிக்கறது குதிக்கறதுக்குத்தானே. குதிக்கலன்னா அது சும்மா நிக்கறது. சும்மா நிக்கறத வெச்சு நாங்க எதையும் ஒப்பிட முடியாதே."

"எனக்கு அம்பத்திநாலு வயசாகுதுங்க. அப்ப இருபத்தாறு."

தலைவர் பக்கத்தில் இருந்த வாரியச் செயலாளர் அம்மாளைப் பார்த்தார். செயலாளர் அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வயசு வித்தியாசம் முப்பதுக்குக் கீழ இருந்தா கணக்குல எடுக்க வேண்டியதில்ல சார்."

"அப்பறம் என்ன" என்றார் தலைவர்.

கையெழுத்துப் போடும் மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நான்கு மாடி கீழே கார்கள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன. ஒப்பந்தம் ஒன்பது பக்கம். டூப்பண்ணன் ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செயலாளர் அம்மாள் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைவிட்டு ஓடிவந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு சுவர்தான்.

அதன்பிறகு வாரியம் மும்முரமாக வேலை செய்தது. முதலில் மருத்துவர் பார்த்தார்.

"இடுப்பு வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"மொத தடவ குதிச்சப்பவும் வலிச்சுதா?"

"குதிச்சப்பறம் வலிச்சுதுங்க."

"வலி இருக்கு. அப்ப ஒத்துப்போகுது" என்று மருத்துவர் எழுதிக்கொண்டார். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. "உற்சாகம்" என்று எழுதினார்.

புறாவுக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். முதல் படத்துப் புறா காலமாகிவிட்டதால் அதே நிறத்தில், அதே எடையில், திடுக்கிடும் சுபாவம் உள்ள புறா ஒன்று வேண்டியிருந்தது. வாரியக் கட்டடத்து மாடத்திலேயே புறாக்கள் நிறைய இருந்தன. துணைக்குழு அவற்றின் முன்னால் போய்க் கை தட்டியது, தகரத்தைத் தட்டியது, கோப்புகளைத் தொப்பென்று போட்டது. ஒன்றும் அசையவில்லை. ஆபீஸ் புறாக்கள் அப்படித்தான். கடைசியில் கூட்டத்திலேயே சுமாராகக் கண் சிமிட்டிய ஒன்றைப் பிடித்து அதன் காலில் கோப்பு எண்ணைக் கட்டினார்கள்.

வீட்டில் டூப்பண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கினால் விழுகிற மாதிரியே கனவு வந்தது. கட்டிலில் படுத்தவர் பாயில் படுத்தார், பிறகு பாயையும் சுருட்டிவைத்துவிட்டு வெறுந்தரையில் படுத்தார். இதற்கும் கீழே போக இடமில்லை.

"உண்மையச் சொல்லிடுங்க" என்றார் மனைவி. "இன்னொரு இடுப்ப நான் எங்க போய் வாங்கறது?"

"இருவத்தெட்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன். இப்ப எப்படி மாத்திச் சொல்றது? அந்த மூத்தவர் என்னப் பாத்ததும் அழுதுட்டாரு."

"அவர் அழட்டும். நீங்க செத்தா நான் அழணும். யாரு அழுதா உங்களுக்குப் பரவால்ல?"

மறுநாள் டூப்பண்ணன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி நான்கு மாடி ஏறினார். செயலாளர் அம்மாள் தனியாக இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கீழே பார்த்தது, விறைத்தது, புறா, வழுக்கியது, நிருபர். சொல்லி முடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

செயலாளர் அம்மாள் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, வீட்டு மனுஷியைப் போலப் பேசினார்.

"அண்ணே, நீங்க சொல்றத நான் நம்பறேன். உங்க நிலைமைல நானா இருந்தா ஏணியிலயே மயங்கியிருப்பேன். ஆனா கொஞ்சம் யோசிங்க. மொத படத்துல இருந்தது வீரம்னு வெச்சுத்தான் ரெண்டாவதுக்கு 'மேல்' குடுத்தோம். இப்ப அது பயம்னு எழுதினா ரெண்டாவது எதுக்கு மேல? பயத்துக்கு மேலயா? அந்தச் சான்றிதழ ரத்து பண்ணணும். மூத்தவரோட பட்டத்தத் திரும்ப வாங்கணும். மொத படத்த 'கீழ்'னு போடணும்னா எங்ககிட்ட முத்திரை இல்ல. நீங்க குதிச்சா எங்களுக்கு ஒரு நாள் வேல. உண்மையச் சொன்னா ஆறு மாச வேல."

"நான் செத்துட்டா?"

அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுக்கு ஒரு படிவம் இருக்கு" என்றார்.

குறித்த நாள் காலையில் மணிக்கூண்டைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். வாரியத்தினர் வந்தார்கள். புதிய படத்தின் இயக்குநர் வந்தார். அளப்பதற்காக நான்கு காமிராக்கள் வந்தன. கதாநாயகன் வரவில்லை, அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதாம். டூப்பண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார். முன்னால் பியூன் புறாக் கூடையோடு போனார். கூடவே வந்த மூத்த ஒப்பீட்டாளர் ஐந்தாவது மாடியில் நின்றுவிட்டார். "இங்கருந்தே நல்லா ஒப்பிட முடியுது" என்று சொல்லிவிட்டு ஒரு தூணைக் கட்டிக்கொண்டார்.

முகமூடி போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முகமூடி போட்டால் ஆழத்தை அளக்க முடியாதாம். டூப்பண்ணன் வெறும் முகத்தோடு நுனிக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார். அடியெடுத்துவைக்க இடம் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தார். கீழே பார்த்துவிட்டார்.

அப்போதுதான் அட்டைப்பெட்டிகளைக் கண்டார்.

அந்தக் காலத்தில் குதிப்பவர்களுக்குக் கீழே மெத்தை கிடையாது. காலி அட்டைப்பெட்டிகளை விரித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள். விழுகிறவரின் வேகத்தைப் பெட்டிகள் நசுங்கி நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஒரே மாதிரி நிலைமை என்பதால் வாரியமும் எண்பது பெட்டி வாங்கியிருந்தது. எண்பதும் கீழே இருந்தன. கடையிலிருந்து வந்தபடியே, தட்டையாக மடக்கி, பத்துப் பத்தாகச் சணல் கயிற்றால் கட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டின்மேல் பொருள் பட்டியல் ஒட்டியிருந்தது.

டூப்பண்ணன் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தார். "பொட்டிய விரிக்கலையே" என்று கத்தினார். குரல் பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை கத்தியதுதான் கீழே கேட்டது.

தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார். "எண்பது பொட்டி இருக்கு. நானே எண்ணிட்டேன். காலிப் பொட்டிய விரிச்சு வெச்சா உள்ள ஏதோ இருக்கற மாதிரி ஆயிடும். கணக்குத் தணிக்கைல கேப்பாங்க. நீங்க அதப் பத்திக் கவலப்படாம நில்லுங்க."

கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஐந்து வினாடி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பதினான்கு ஆயிற்று. கீழே வாரியத்தினர் பரபரப்பானார்கள், மூன்று பதிப்புகளையும் ஒரே ஆள் தாண்டிவிட்டார். பியூன் விதிப்படி புறாவை எடுத்து அவர் காலடியில் விட்டார். புறா அவர் செருப்பின்மேல் ஏறி வசதியாக உட்கார்ந்து தூங்கிவிட்டது. அதைத் தட்டிவிடக்கூட அவரால் முடியவில்லை. விரல் நுனியிலிருந்து முழங்கால்வரை ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கின. பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கிலும் வழிந்தது. திரும்பிப் போகவும் பயம், முன்னால் போகவும் பயம், அங்கேயே நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம்.

பத்து நிமிஷம். இருபது. கீழே தேநீர் வந்தது. குடித்தார்கள்.

முப்பதாவது நிமிஷத்தில் டூப்பண்ணன் பேசினார். யாரிடம் என்று அவருக்கே தெரியாது. "எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கும் பயந்துதான் நின்னேன். நான் எதுக்கும் காத்திருக்கல. நான் குதிக்கவே இல்ல. வழுக்கி விழுந்தேன். இருவத்தெட்டு வருஷமா பொய் சொல்லிட்டேன். என்னக் கீழ எறக்கி விட்டுடுங்க."

ஐந்தாவது மாடியில் தூணைக் கட்டிக்கொண்டிருந்தவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் அவர் முகத்தில் தெரிந்தன. தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று செயலாளர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

யாரும் மேலே போகவில்லை. கடைசியில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மணிக்கூண்டுக்குள் நுழைந்தது இஸ்திரி போடுகிற அம்மாள்தான். ஆறு மாடியும் ஏறி, புறாவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புருஷனின் இடுப்பு வாரைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கண்ண மூடிக்குங்க. என் தோளப் பிடிச்சுக்குங்க. நான் ஸ்டூல்னு நெனச்சுக்குங்க."

இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டூப்பண்ணன் தரையைத் தொட்டதும் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். வேலை போயிற்று, அறை போயிற்று, மானம் போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் தரை இருந்தது.

அந்த நேரத்தில்தான் இயக்குநர் காமிராப் படம் ஓடிய டிவியிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் இவ்வளவு நேரமும் மேலே பார்க்கவே இல்லை, டிவியில் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஹீரோ மூஞ்சில பதினாலு செகண்டும் ஒண்ணும் இல்ல. துடைச்ச பலகை மாதிரி இருக்கு. எங்க ஆளுங்க போட்டுப் பாத்தப்ப எல்லாரும் அதத்தான் சொன்னாங்க" என்றார் அவர். "இந்தப் பயத்த எடுத்து அந்த மூஞ்சில வெச்சிடலாம். கண்ணு, வாய், மூக்குல வழியறது எல்லாம். கம்ப்யூட்டர்ல ஒரு வார வேல."

செயலாளர் அம்மாள் புரட்டுவதை நிறுத்தினார். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தை எடுத்தார். 'மேற்படி தேதியில் மணிக்கூண்டு நுனியில் மூல நபரிடம் உண்டாகும் அனைத்தும் தயாரிப்பாளருக்கே உரியவை' என்று அதில் இருந்தது. கீழே டூப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து இருந்தது.

தலைவருக்கு உயிர் வந்தது. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய்ப் பேசினார். "இன்னைக்கு ஒரு பெரிய உண்மை வெளிய வந்திருக்கு. மொத படத்துல பயம் இருந்துச்சு. ஆனா முகமூடி போட்டிருந்ததால பயம் தெரியல. தெரியாத பயத்த ஏத்துக்க விதியில்ல. ரெண்டாவது படத்துல பயமே இல்ல. மூணாவது படத்துல பயம் இருக்கப்போகுது, தெரியவும் போகுது. அதனால மூணாவது, மொத ரெண்டுக்கும் மேல். மொத ரெண்டும் தங்களுக்குள்ள சமம். யாரும் கீழ் இல்ல. இதத்தான் நான் ஆரம்பத்துலருந்தே சொல்லிட்டு வரேன்."

முத்திரை அங்கேயே குத்தப்பட்டது. மூத்த ஒப்பீட்டாளர் படியில் உட்கார்ந்தபடியே புதிய புத்தகத்துக்குத் தலைப்பு எழுதத் தொடங்கியிருந்தார்.

டூப்பண்ணனின் வேலை போகவில்லை. அறையும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. மனைவி படித்தார்.

"தங்கள் பயம் தற்போது 'ஆகாயக் காவலன்' மூன்றாம் படத்தின் பகுதியாகிவிட்டது. எனவே தாங்கள் இனி பிறர் பார்வையில் படும் இடங்களில் அதே முகத்தோடு பயப்படுவது, அப்படத்தின் அனுமதியற்ற நகலாகக் கருதப்படும். மீறினால் கிடங்கு வேலையும் குடியிருப்பும் திரும்பப் பெறப்படும். தவிர்க்க முடியாத சமயங்களில் வேறு முகத்தோடு பயந்துகொள்ளலாம்."

"வேற மூஞ்சிக்கு நான் எங்க போவேன்?" என்றார் டூப்பண்ணன்.

படம் வந்ததும் இருவரும் போனார்கள். போகாவிட்டால் சந்தேகப்படுவார்களோ என்ற பயத்தில்தான் போனார்கள். நுனிக்கு வந்து நின்ற கதாநாயகனின் அழகான தாடைக்கு மேலே டூப்பண்ணனின் கண்கள் நடுங்கின. டூப்பண்ணனின் பற்கள் அடித்துக்கொண்டன. திரையின் அந்த உயரத்திலிருந்து அவருடைய கண்களே கீழே நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தன. பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மனுஷன் என்னமா பயப்படறான் பாரு. மொத படத்துல நின்னவனுக்கு இதெல்லாம் வருமா? அவன் சும்மா மரம் மாதிரி நின்னான்" என்றார். இரண்டாயிரம் புறாக்களும் ஒரேயடியாக எழுந்தன. டூப்பண்ணனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வாசலருகே டார்ச் விளக்கோடு ஒருவர் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். காலி இடம் தேடி வந்தவராகவும் இருக்கலாம். டூப்பண்ணன் சட்டென்று வாயை இழுத்துச் சிரித்த முகமாக வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

அதற்கடுத்த மாதம் மூன்றாம் படத்தின் நீல அங்கி கிடங்குக்கு வந்தது. 'மேல்' முத்திரை பெற்ற படத்தின் உடை என்பதால் மேல்தட்டில்தான் வைக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அன்று பார்த்து மனைவிக்கு மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடிக்கலாம், ஏறி அங்கியைத் தூக்கி வைக்க முடியாது.

டூப்பண்ணன் அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படியில் முழங்கால் உதறத் தொடங்கியது. மூன்றாம் படியில் பற்கள் அடித்துக்கொள்ளப் பார்த்தன. அவர் உதட்டைக் கடித்து நிறுத்தினார். எதிரே ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ஆள் நடமாட்டம் கேட்டது. அவர் முகத்தை இழுத்து, தியேட்டரில் பழகிய அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

மனைவி அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பி வந்து, நல்ல கையால் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சாத்தியாச்சு. யாரும் பாக்கல" என்றார். "நீங்க நல்லா பயப்படுங்க."